பின்னால் போன கோட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுச் சன்னல்களைக் கம்பளி போட்டு மூடினார்கள். மலாக்கா வெயிலில், கம்பளி! உள்ளே முப்பது பேர். கதவிடுக்கில் நுழைந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் காற்றையும் அம்மா ஒரு பழைய சாரோங்கைச் செருகி அடைத்தாள்.

சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தை அப்பா இறக்கி வைத்திருந்தார். அந்த இடம் மட்டும்தான் சுவரில் வெள்ளையாக மிஞ்சியிருந்தது. அதன்மேல் பிரான்ஸ் தேசத்து ஆறு ஒன்று பச்சையாக விழுந்தது. ஆற்றுக்கு மேலே பாறை, பாறைக்கு மேலே கோட்டை, கோட்டைக்கு மேலே வானம். வானத்தின் நடுவில் முருகன் தொங்கிய ஆணி.

"அடேயப்பா!" என்றது கூட்டம்.

எனக்கு ஆணிதான் தெரிந்தது. என் சுபாவம் அப்படி. சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் சங்கத்து நாடகத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். 'ஐயா, உங்களுக்கு இந்த உலகத்தில் யாரையாவது பிடிக்குமா?' என்று கேட்கிறார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் வசவு யாருக்கு என்று கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையும் மெஷினும்

நாங்கள் அப்போது மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் மலாக்காச் செட்டி குடும்பத்தவர். பெயரில் பிள்ளை உண்டு, நெற்றியில் விபூதி உண்டு, வாயில் தமிழ் கிடையாது, மலாய்தான். அவர் தமிழ் பேசவில்லை என்று எங்கள் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவருடைய முன்னோர்கள் இந்த ஊரில் கோயில் கட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் முன்னோர்கள் கப்பலைக்கூடப் பார்த்ததில்லை. அது பற்றிச் சிரிப்பவர்களுக்குக் கவலை இல்லை.

தலைவர்கள் திடலில் கூட்டம் போட்டு, மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிற நாளை அறிவித்துவிட்டுப் போன சில மாதங்கள் கழித்து இது நடந்தது. வெள்ளைக்காரன் பெட்டி கட்டுகிறான் என்று கோப்பிக் கடையிலெல்லாம் மார்தட்டிப் பேசினோம். பேசி முடித்ததும், அவன் ஊர்ப் படத்தைப் பார்க்கக் கம்பளிக்குள் போய் உட்கார்ந்தோம்.

படம் காட்டியவர் சாமிக்கண்ணு. என் அக்கா பாக்கியத்துக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. முப்பது வயது, ஒல்லி, விறைப்பாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை. ஜாசின் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிரெஞ்சுக்காரத் துரையின் பங்களாவில் வேலை செய்தவர். துரை ஆறு மாத விடுப்பில் ஊருக்குப் போனபோது இவரையும் கூட்டிப் போயிருந்தார். பாரிஸ் இல்லை. பாரிஸிலிருந்து ஒரு நாள் ரயிலில் போக வேண்டிய நாட்டுப்புறம். ஓர் ஆறு, அதன் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, பாறைக்குப் பாறை ஒரு கோட்டை.

துரையின் மனைவி எடுத்து, சரியில்லை என்று ஒதுக்கிய ஸ்லைடு படங்களை இவருக்குக் கொடுத்திருந்தாள். ஒரு சிகரெட் டின் நிறைய இருந்தன. அதைக் கேள்விப்பட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து படம் காட்டும் மெஷினை இரவல் வாங்கினார். அக்கம்பக்கம் எல்லோரையும் கூப்பிட்டார்.

அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். டாக்டர் இல்லாதபோது டாக்டர். டாக்டர் வந்ததும் மறுபடி டிரஸ்ஸர். இந்தத் தொல்லையில் பதினைந்து வருடம் வாழ்ந்தவருக்கு, மருமகனாவது பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று ஆசை. 'பங்களாவில் வேலை' என்று தரகர் சொன்னதை, 'துரைக்கு எல்லாமே இவர்தான்' என்று ஊருக்குச் சொன்னார். 'துரை குடும்பத்தோடு பிரான்ஸைச் சுற்றிப் பார்த்தவர்' என்றும் சொன்னார். சாமிக்கண்ணு அப்படியெல்லாம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் சொன்னதெல்லாம் 'போனோம்', 'பார்த்தோம்' அவ்வளவுதான். மீதியை அப்பா சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அக்காவுக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஆறு பேர் வந்து, கேசரி தின்று, சட்டைக் கையில் வாயைத் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஏழாவதாக வந்தவர் இவர். தட்டைக் கொண்டுபோய் வைத்த அக்காவிடம், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாராம். அதற்கு அக்கா சிரித்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிறு காலை அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"டேய் ராசு, இன்னைக்கு ஒரு நாளு வாயை மூடிக்கிட்டு இரு. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

"நான் என்னா பண்ணப்போறேன்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். அதான் சொல்றேன்."

எங்கள் ஊரிலும் ஒரு கோட்டை வாசல்

மெஷின் சூடாகும்வரை ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவிலும் கோட்டை உண்டு. கோட்டை போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. குன்றின்மேல் கூரையில்லாத பழைய மாதா கோயில், கீழே சிவப்புக் கட்டடம், ஆற்றங்கரையில் பழைய கிடங்குகள். கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்கள் தொப்பியும் கேமராவுமாக அந்த வாசலின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கச்சான் கடலை விற்கிறவன் அவர்களைப் பார்ப்பான். எங்கள் ஆட்கள் நிழலுக்காக அங்கே சைக்கிளைச் சாத்துவார்கள்.

காஜா பெராங்கிலிருந்து அந்தக் குன்று எவ்வளவு தூரம்? சைக்கிளில் கால் மணி நேரம் ஆகாது. அன்று கம்பளிக்குள் உட்கார்ந்து 'அடேயப்பா' போட்ட முப்பது பேரில் அந்தக் குன்றில் ஏறியவர்கள் மூன்று பேர் தேறுவார்களா என்பது சந்தேகம். அவர்களும் பட்டம் விட ஏறியிருப்பார்கள். வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் அதன் கதையெல்லாம் தெரியும். அவரை யாரும் கேட்டதில்லை.

எங்களுக்குப் பழமை என்றால் வேறு எங்காவது இருக்க வேண்டும். அதை வெள்ளைக்காரி படம் பிடித்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் செய்து, ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நான்கு மாதம். பிரான்ஸின் ராஜாக்கள் பெயரை வரிசையாக ஒப்பிப்பேன். அந்த ராஜாக்களின் ஊரைப் பார்த்து வந்தவர் ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஓர் எஸ்டேட் ஆள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? எரிந்தது. அதை நான் அறிவு என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லில் ஓடிய மாடு

சாமிக்கண்ணு ஒவ்வொரு படமாகத் தள்ளினார். நிதானமாகப் பேசினார். அந்த நிதானம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

"இது பாறைக்குள்ளயே கட்டின வீடுங்க. பின்பக்கச் சுவரு கிடையாது, மலைதான் சுவரு. கூரைல பாதியும் மலைதான்."

பொய், என்று நினைத்தேன்.

"இந்தக் கோபுரம் கோட்டை இல்லைங்க. புறாவுக்குக் கட்டினது."

"புறாவுக்கா?" என்று எதிர் வீட்டு மாமி வாய் பிளந்தாள். "நம்ம வீட்டைவிடப் பெரிசா இருக்கே!"

"ஆமாங்க. எத்தனை புறா கூடு இருக்கோ அத்தனை பெரிய ஆளுன்னு அந்தக் காலத்துல கணக்காம்."

இதுவும் பொய். எவனாவது புறாவுக்கு மாடி வீடு கட்டுவானா?

அப்புறம் ஒரு குகை. உள்ளே படம் எடுக்க விடவில்லையாம். வாசலில் மரமும் மனிதர்களும் நிற்கிற படம்தான் இருந்தது. துரையின் தாயார் வயதானவள், நின்று பார்க்க முடியாது என்பதால் மடக்கு நாற்காலியோடு தானும் உள்ளே போனதாகச் சொன்னார்.

"சுவரு முழுக்க மாடுங்க. குதிரை, மானு. எழுத்து கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால இருந்த ஆளுங்க வரைஞ்சதாம். விளக்கைத் தூக்கிப் பிடிச்சா மாடு ஓடுது மாமா. கல்லுல ஓடுது."

"ஓடுதா?" என்றார் அப்பா, தானே வரைந்ததைப் போன்ற பெருமையோடு.

பிறகு அங்கே ஜனங்கள் பொழுதுபோக்குவதைச் சொன்னார். வேலை இல்லாமல், போக வேண்டிய இடமும் இல்லாமல், மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் பத்து மைல் நடப்பார்களாம். நடந்து முடித்ததும் திரும்பி நடப்பார்களாம். மீனைப் பிடித்து, அளந்து பார்த்து, மறுபடி தண்ணீரிலேயே விடுவார்களாம். பாறையில் கயிறு கட்டி ஏறுவார்களாம். மேலே என்ன இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். ஒன்றும் இல்லை, ஏறினவர்கள் இறங்கிவிடுவார்கள் என்றார்.

இதற்கு மட்டும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முப்பது பேரின் தகப்பன், பாட்டன் எல்லோரும் விடியற்காலையில் எழுந்து எஸ்டேட்டில் மைல் கணக்காக நடந்தவர்கள். அவர்களை யாரும் படம் எடுத்துச் சுவரில் காட்டவில்லை.

இவ்வளவுக்கும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அக்கா சமையலறைத் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். நடுநடுவே என்னைப் பார்த்தாள்.

ஆனால் ஒன்று மட்டும் என் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"படகுல போறப்ப இந்தக் கோட்டையைத் தாண்டிட்டோம்னா, போகப் போகச் சின்னதாகும். அப்புறம் வால்நட் மரம் வந்து மறைச்சிடும். கடைசியில கோபுரத்தோட உச்சி மட்டும் தெரியும். நம்மளை வழியனுப்ப எட்டிப் பாக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

அடுத்த கோட்டையும் அப்படியே. தாண்டிய பிறகு சின்னதானது. அதற்கடுத்த பாலமும், தாண்டிய பிறகு அதன் வளைவுகளுக்குள் வானம் தெரிந்தது. அந்தக் கிராமமும், கரையில் துணி துவைக்கிற பெண்களும், எல்லாமே பின்னால் போய்க்கொண்டிருந்தன.

ஒரு படத்தை மட்டும் போட்டதும் எடுத்துவிட்டார். "இது சரியா விழலைங்க" என்றார். ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

என் கேள்வி

எங்கள் மலாக்கா ஆற்றில் சம்பான்காரர்கள் எப்படிப் படகு தள்ளுவார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்புறம் எழுந்து நின்று, போகிற திசையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு துடுப்பையும் முன்னால் தள்ளுவார்கள். பயணம் செய்கிறவனும் முன்னால் பார்ப்பான், தள்ளுகிறவனும் முன்னால் பார்ப்பான். படகு என்றால் எங்களுக்கு அதுதான். உலகத்தில் வேறு மாதிரியும் துடுப்புப் போடுவார்கள் என்பது, பிரான்ஸ் ராஜாக்களின் பெயரை ஒப்பித்த எனக்குத் தெரியாது.

ஆகவே பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். படகில் போனவனுக்குக் கோட்டை எதிரில் வர வேண்டும். பெரிதாகிக்கொண்டே வர வேண்டும். இந்த ஆளுக்கு ஒரு கோட்டைகூட எதிரில் வரவில்லை. ஆகவே இவர் போகவே இல்லை. துரையம்மா சொன்ன கதையை, அதையும் அரைகுறையாகக் கேட்டுவந்து ஒப்பிக்கிறார்.

இதைத் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்காமலே விட்டிருக்கலாம். அந்தக் கல்யாணம் நின்றுவிடும் என்று தெரிந்துதான் முப்பது பேர் நடுவில் கேட்டேன். இவ்வளவு வருடம் கழித்து அதை மழுப்புவதில் அர்த்தம் இல்லை.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

திரை அசைந்தது. அக்காவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"கேளுங்க தம்பி."

"நீங்க சொல்ற கோட்டையெல்லாம் பின்னாலயே போகுதே, ஒண்ணுகூட எதிர்ல வரலையா? படகுல போறவன் முன்னாலதானே பாப்பான்? நம்ம சம்பான்காரனைக் கேட்டாகூடச் சொல்வானே. நீங்க நெசமாவே போனீங்களா, இல்ல துரையம்மா சொன்ன கதையா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சுவரில் கோட்டை அப்படியே நின்றது. மெஷினின் சூட்டில் தூசு கருகுகிற வாசனை வந்தது. சாமிக்கண்ணு என் அப்பாவை ஒரு முறை பார்த்தார். அப்பா, 'சும்மா ஏதாவது சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போடுங்கள்' என்பது போலத் தலையை ஆட்டினார். ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் போதும். அவருக்கு வரவில்லை.

"அங்க துடுப்பு வலிக்கிறவன் போற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உக்காரணும் தம்பி. முன்னால பாத்து உக்கார்றவங்க துரையும் துரையம்மாவும். நான்தான் வலிச்சேன். ஆறு மாசமும் நான்தான் வலிச்சேன். அதனால எனக்கு எல்லாமே தாண்டினதுக்கு அப்புறம்தான் தெரியும்."

வீட்டுக்காரர் மட்டும் மெதுவாக, "பெத்துல்" என்றார். உண்மைதான் என்று அர்த்தம். துறைமுகத்து அதிகாரிகளின் படகில் அப்படி வலிப்பதை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். அவர் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்?

"ஓ, படகுக்காரனா?" என்று இருட்டில் யாரோ சொன்னது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது.

பொய்யைப் பிடிக்கப் போனேன். உண்மை மாட்டியது. என் காரியத்துக்கு உண்மையே பொய்யைவிட நன்றாக உதவியது.

"கோப்பி கொண்டா" என்றார் அப்பா. குரல் ஆஸ்பத்திரிக் குரல்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றவில்லை. நாள் சரியில்லை என்று அப்பா சொல்லி அனுப்பினார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் சரிப்படவில்லை. சாமிக்கண்ணு தரப்பிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து கேட்டார்கள். பிறகு வரவில்லை. பங்களாவில் வேலை செய்வதில் அப்பாவுக்கு முன்பு ஆட்சேபம் இருந்ததில்லை. அது எடுபிடி வேலை என்று ஊருக்குத் தெரிந்ததில்தான் ஆட்சேபம்.

அக்கம்பக்கம் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தது. "நல்ல வேளை, முன்கூட்டியே தெரிஞ்சுச்சு. துடுப்புப் போடுறவனுக்குப் போய் நம்ம பொண்ணைக் கொடுக்கிறதா?" என்றாள் எதிர் வீட்டு மாமி. அவள் மாமனார் எஸ்டேட்டில் கக்கூஸ் வாளி சுமந்தவர். எங்கள் தாத்தா ரப்பர் பால் வாளி சுமந்தவர். வாளியைக் கீழே வைத்து ஒரு தலைமுறை ஆகவில்லை, அதற்குள் நாங்கள் துடுப்பைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

அந்த வருடங்களில் நாங்கள் சுதந்திரத்துக்குத் தயாரான லட்சணம் இதுதான்.

அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவள் எனக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், எட்டு மாதம் என்னிடம் பேசவில்லை. ஒன்பதாவது மாதம் சிரம்பானில் ஒரு அரசாங்கக் குமாஸ்தாவுக்குக் கழுத்தை நீட்டினாள். அவர் நல்ல மனிதர். கெட்டது செய்யவும் அவருக்கு நேரம் இருந்ததில்லை. அலுவலகம், வீடு, அலுவலகம். போர்ட்டிக்சன் கடற்கரைக்கு ஒரு முறை குடும்பத்தைக் கூட்டிப் போனார். சப்பாத்தைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துவிட்டுத் திரும்பினார். அக்கா முப்பத்தெட்டு வருடம் அவரோடு இருந்தாள்.

சாமிக்கண்ணு வடக்கே எங்கோ ஒரு ரெஸ்ட் ஹவுஸில் தலைமைச் சமையல்காரராக இருப்பதாக ஒரு தடவை கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஆரஞ்சுச் சட்டை

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் இருக்கும் என் மகள், "அப்பா, ஒரு நல்ல ஆறு இருக்கு, போகலாம்" என்றாள். எந்த ஆறு என்று நான் கேட்கவில்லை. பேருந்து வளைவில் திரும்பியபோது பாறைக்கு மேல் கோட்டையைப் பார்த்தேன். அந்தக் கோட்டையை எனக்குத் தெரியும். வானத்தின் நடுவில் ஆணி மட்டும்தான் இல்லை.

மலைக்குள் கட்டிய வீடுகள் இருந்தன. பின்பக்கச் சுவர் இல்லை. புறாக் கோபுரம் இருந்தது. எங்கள் காஜா பெராங் வீட்டைவிடப் பெரியதுதான்.

ஜனங்கள் இன்னமும் காரணமில்லாமல் நடக்கிறார்கள். இப்போது இரண்டு கையிலும் கம்பு வைத்துக்கொண்டு, பனி இல்லாத இடத்தில் பனிச்சறுக்குகிற பாவனையில் நடக்கிறார்கள். மீனைப் பிடித்து, முத்தம் கொடுத்து, மறுபடி தண்ணீரில் விடுகிறார்கள். பாறையில் ஏறுகிறவர்களுக்குத் தலையில் தொப்பி, இடுப்பில் வார், கீழே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மேலே இப்போதும் ஒன்றும் இல்லை.

குகைதான் உச்சம். ஜனங்கள் மூச்சு விட்டு விட்டுப் படங்கள் பாழாகின்றன என்று அசல் குகையைப் பூட்டிவிட்டார்களாம். பக்கத்திலேயே சிமெண்டில் அதே மாதிரி ஒன்று கட்டி, அதே மாடுகளை வரைந்து, டிக்கெட் போட்டு விற்கிறார்கள். நான் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று போலி மாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அது ஓடவில்லை.

அசல் மாட்டைப் பார்த்தவர் சாமிக்கண்ணு. கிழவியின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவனுக்குக் கிடைத்தது நகல்தான்.

மறுநாள் மகள் என்னைச் சிறு படகில் ஏற்றினாள். ஆரஞ்சு நிறத்தில் ஊதிய மிதவைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட, நான் முன்னால் துரை மாதிரி உட்கார்ந்தேன். இப்போது எல்லோருமே முன்னால் பார்த்துத்தான் துடுப்புப் போடுகிறார்கள். கோட்டை எதிரில் வந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கேட்ட மாதிரியே வந்தது.

அதைத் தாண்டியதும் நான் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"அப்பா, ஆட்டாதீங்க! கவுந்துடும்!"

கோட்டை போகப் போகச் சின்னதானது. ஆற்று வளைவில் வால்நட் மரங்கள் வந்து மறைத்தன. கடைசியில் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. எங்களை வழியனுப்ப எட்டிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அவர் ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. மகளுக்கு முன்னால் நான் அழுதேன். வெயில் கண்ணில் படுகிறது என்று சொன்னேன்.

பிஸ்கட் டின்

அக்கா இப்போது புக்கிட் காதிலில் மகன் வீட்டில் இருக்கிறாள். ஊர் திரும்பியதும் நேரே அங்கே போனேன். வீடு, புறா, மாடு, கோட்டை எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாம் உண்மைக்கா. அந்த ஆளு சொன்னது அத்தனையும் உண்மை."

அக்கா பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும். நான் அன்னைக்கே நம்பினேன்."

முறத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். பிறப்புச் சான்றிதழும் பென்ஷன் புத்தகமும் போட்டு வைக்கிற பிஸ்கட் டின்னோடு வந்தாள். அடியிலிருந்து ஒரு பழைய காகித உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு ஸ்லைடை என் கையில் வைத்தாள்.

"சன்னல் பக்கமா பிடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தேன். நிறம் மங்கியிருந்தது. ஆறு, எதிரில் வருகிற கோட்டை. துரையம்மா படகோட்டியை விலக்கிவிட்டுக் கோட்டையை மட்டும் பிடிக்க ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். முழுதாக விலக்க முடியவில்லை. படத்தின் ஓரத்தில் சுருட்டிய வெள்ளைச் சட்டைக் கை, ஒரு கறுத்த முழங்கை, துடுப்பின் பிடி.

"அவரு குடுத்தாரா?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். நீங்கள்லாம் கம்பளியைக் கழட்டிக்கிட்டு இருந்தீங்க. அவரு டின்னுல அடுக்கிக்கிட்டு இருந்தாரு. ஒண்ணு குடுங்கன்னேன். நல்லா விழுந்த கோட்டையா தேடி எடுத்தாரு. அது வேணாம், அந்தச் சரியா விழாததைக் குடுங்கன்னேன்." அக்கா என் கையிலிருந்த ஸ்லைடைக் காட்டினாள். "இதுலதாங்க நான் இருக்கேன், முழுசா இல்லன்னாரு. பரவாயில்லைன்னேன்."

ஊரையெல்லாம் ஏசத் தெரிந்த வாய் எனக்கு. அந்த வாயால், அம்பது வருடத்துக்கு மேல் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, என்மேல கோவமா?"

அக்கா நான் பிடித்திருந்த ஸ்லைடைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"அவருக்கு முதுகு அந்தப் பக்கம் இருந்துச்சுடா. படகு எங்க போய் முட்டப்போகுதுன்னு அவருக்குத் தெரியாது. நீ முன்னாலதான் பாத்துக்கிட்டிருந்த. உனக்குத் தெரியும்."

ஸ்லைடை என் விரலிலிருந்து வாங்கி உறையில் போட்டாள். உறையை டின்னின் அடியில் வைத்து, மேலே பென்ஷன் புத்தகத்தை வைத்து மூடினாள். மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று நாலு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி பயறை ஆய உட்கார்ந்தாள்.